ஃப்ரிட்ஜுக்கு மேல்

"ஹால்ல டிவி போட்டுப் பார்த்தேம்மா, ஜம்முன்னு ஓடுது. இந்த ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும்தான் நெட் வரமாட்டேங்குது" என்றார் போனில் வந்தவர். யாருக்கோ பயந்தவர் போல அடிக்குரலில் பேசினார்.

அவள் ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டாள். பிராட்பேண்ட் கம்பெனியின் உதவி மையத்தில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. கேள்விகளை வரிசை தப்பாமல் கேட்பாள். கேட்டு முடித்ததும், சரியாகத்தான் கேட்டோமா என்று தன்னையே ஒரு முறை கேட்டுக்கொள்வாள்.

"இதுக்கு முன்னாடி அந்தக் கம்ப்யூட்டர்ல நெட் வந்துச்சா சார்?"

"இன்னிக்குத்தாம்மா ஆபீஸ்லருந்து தூக்கிட்டு வந்தேன். யார்கிட்டயும் சொல்லல. காலையில சத்தமில்லாம திருப்பி வச்சிடணும்."

கீபோர்டில் அவள் விரல் நின்றது.

"அப்போ வைஃபை பாஸ்வேர்டு போடணும் சார். வீட்ல யாரையாவது கேட்டுப் பாருங்களேன்."

"ஐயையோ! யாருக்கும் தெரியக் கூடாதும்மா. எல்லாரும் வந்துட்டா ஒரு வேலையும் நடக்காது. நீயே சொல்லிடு."

"அதுக்கு முன்னாடி ஒரு பாதுகாப்புக் கேள்வி இருக்கு சார். மூத்த பிள்ளையோட பிறந்தநாள்?"

அவர் ஏதோ முணுமுணுத்துக் கணக்குப் போட்டார்.

"ஏப்ரலா?"

"இல்ல சார்."

"ஆகஸ்ட்?"

"சார், இது ஏலம் இல்ல."

அந்த நொடியில் அவள் மனதில் 'அவர்', 'அவன்' ஆகிவிட்டார்.

ஆனாலும் அவள் அவசரப்படவில்லை. போன மாதம் இப்படித்தான் ஒருவர் தடுமாறியதைக் கேட்டு, மோசடி என்று கூச்சல் போட்டுவிட்டாள். கடைசியில் அவர் டைரக்டரின் மச்சான். தண்ணீர் குடிக்கப் போனால்கூட நேரம் பார்ப்பதால் 'ஸ்டாப்வாட்ச்' என்று பெயர் வாங்கிய சூப்பர்வைசர் அன்றே சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை புலி வருதுன்னு கத்தினே, ஹெட்செட்டைக் கழட்டி வச்சிட்டு வீட்டுக்குப் போயிடணும்." அந்த ஹெட்செட்டை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

இன்னும் ஒரு முறை சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று நினைத்தாள். அவன் சொன்ன முகவரிக்குரிய விவரம் திரையில் இருந்தது. இணைப்பு ஒரு பெண்மணியின் பெயரில். ரூட்டர் இருக்கும் இடம்: சமையலறை, ஃப்ரிட்ஜுக்கு மேல்.

"ரூட்டருக்கு அடியில பாஸ்வேர்டு ஒட்டியிருக்கும் சார். கிச்சன்ல ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கும், பாருங்க."

காலடிச் சத்தம். எதிலோ 'டங்'கென்று முட்டிக்கொள்ளும் சத்தம்.

"இங்க லைட் ஸ்விட்ச் எங்கம்மா இருக்கு?"

"அது எங்க ரெக்கார்டுல இல்ல சார்."

அலமாரிகள் திறந்தன. பாத்திரங்கள் உருண்டன.

"கிடைச்சிடுச்சு! வெள்ளைப் பெட்டி. மேல ரெண்டு நீளமான ஓட்டை இருக்கு."

"சார், அது ரொட்டி வாட்டுற டோஸ்டர்."

இதற்கு மேல் என்ன சந்தேகம்? அவனைத் தேடவிட்டு, இன்னொரு லைனில் அந்தப் பெண்மணியைக் கூப்பிட்டாள்.

"வீட்டைப் பூட்டிட்டு இப்பத்தான் பசங்களோட கடைத்தெருவுக்கு வந்தேன். ஏம்மா?"

"உங்க கிச்சன்ல ஒரு ஆள் அலமாரியை எல்லாம் உருட்டிட்டு இருக்காருங்க."

"கிச்சன்லயா?" பெண்மணி அலறினாள். "என்னைத் தவிர அதுக்குள்ள கால் வைக்க எங்க வீட்ல ஆளே கிடையாதே! ஐயோ, திருடன்தான்! நீ போலீசுக்குச் சொல்லும்மா, நான் இதோ ஓடி வர்றேன்!"

போலீசுக்குச் சொன்னாள். நடந்ததைக் கேட்டு ஓடிவந்த ஸ்டாப்வாட்ச், பக்கத்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "இதுவாவது நிஜப் புலியா?" என்று முறைத்தார்.

போலீஸ் வரும்வரை ஆளைப் பிடித்து வைக்க வேண்டுமே. கீழ் அலமாரி, கேஸ் சிலிண்டருக்குப் பின்பக்கம், குப்பைக்கூடைக்கு அடியில் என்று ஃப்ரிட்ஜுக்கு மேலே தவிர எல்லா இடத்திலும் அவனைத் தேடவிட்டாள்.

"எவ்வளவு பொறுமையா சொல்றே! நல்லா இருப்பேம்மா" என்று மூச்சிரைக்க வாழ்த்தினான் அவன்.

கதவு தடதடத்தது. பூட்ஸ் சத்தம்.

"அசையாதே! கையில என்னடா?"

"டோ... டோஸ்டர் சார்."

"கீழே வை!"

"சார், இது என்..."

"உன்னோடதா? எல்லாத் திருடனும் சொல்றதுதான். ஸ்டேஷன்ல வந்து பேசு."

ஸ்டாப்வாட்ச் அவள் தோளில் தட்டினார். "பலே! இந்தப் பொண்ணுக்கு மூக்கு கூர்மைன்னு நான் அன்னிக்கே சொல்லல?" சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் தடவையாக, தான் செய்தது சரிதானா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

போன் இன்னும் அந்தச் சமையல் மேடையில்தான் கிடந்தது போலும். பெண்மணி மூச்சு வாங்க வந்து சேர்ந்தது தெளிவாகக் கேட்டது.

"பார்த்துச் சொல்லுங்கம்மா. இவனை இதுக்கு முன்னாடி எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?"

பெண்மணியின் வளையல் சத்தம் இரண்டடி முன்னால் வந்தது. பிறகு அவள் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"அந்த ஹெல்ப்லைன் பொண்ணை யாரும் ஒண்ணும் சொல்லிடாதீங்க சார், பாவம், அது என்ன பண்ணும்? கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்துல இவரைக் கிச்சன்ல பார்த்ததே இல்லையா, எனக்கே சட்டுன்னு அடையாளம் தெரியல!"