முதல் குடைமிளகாய்

ஓசூர் அடுக்ககத்தில் எங்கள் பால்கனியில் நான் விதை போட்டு வளர்த்த குடைமிளகாய் ஒருவழியாகச் சிவந்தது. முட்டை அட்டையில் முளைத்த நாற்றைப் பெயிண்ட் வாளிக்கு மாற்றி, செடி வலுவாகட்டும் என்று முதல் மொட்டைக் கிள்ளிப்போட்டு வளர்த்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்கெல்லாம் எனக்கு நேரம் இருந்தது.

நானும் கணவர் இளமாறனும் எங்கள் எச்சில் மாதிரியை விதைக் கம்பெனிக்கு அனுப்பி வாங்கிய விதை அது. காய் எங்கள் இருவருக்கும், எங்கள் ரத்தத்தில் பிறந்தவர்களுக்கும் மட்டுமே இனிக்கும். வேறு யார் கடித்தாலும் எட்டிக்காயாகக் கசக்கும். திருட்டுக்குப் பயந்து இப்போது ஊரே இந்த விதையைத்தான் போடுகிறது.

நறுக்கித் தட்டில் வைத்த நேரத்தில் கீழ்வீட்டு சுகன்யா தன் மகள் மிதுனாவோடு வந்தாள். நான் தடுப்பதற்குள் அந்த நாலு வயது வாண்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

"ஐயோ, கசக்கும்டி! துப்பு, துப்பு!" என்று கையை நீட்டினேன்.

மிதுனா நன்றாக மென்று விழுங்கினாள். "இனிக்குது ஆன்ட்டி. இன்னொண்ணு குடுங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது.

"விதை கெட்டுப்போயிருக்கும். நாளைக்கே கம்பெனிக்குப் போன் பண்றேன்," என்றார் இளமாறன், தட்டைப் பார்த்தபடி.

நான் இன்னொரு துண்டை எடுத்துச் சுகன்யாவிடம் நீட்டினேன். "நீயும் சாப்பிட்டுப் பாரேன்."

அவள் இளமாறனைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. வேறு வழியில்லாமல் வாங்கிக் கடித்தாள். மறுகணமே முகம் கோணி, கண்ணில் நீர் முட்ட, துப்பட்டாவில் துப்பினாள்.

விதையில் ஒரு கோளாறும் இல்லை.