எழுப்பும் ஒயர்

பொது போர்வெல்லின் மோட்டார் பெட்டியில் கீழ்வயல்காரி அம்சம் மறுபடி தன் தண்ணீர் அட்டையை வைக்கிறாள். விளக்கு எரியவில்லை. பின்னால் அவளுடைய நாற்றங்கால் பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கிறது. பேட்டரி தீராமலிருக்கப் பெட்டி தூங்கும். அட்டை பட்டதும் விழித்து மோட்டாரைப் போடும். அதைச் செய்து மாட்டிய இன்ஜினியர் மதிவதனி மூடியைத் திறக்கிறாள். எழுப்பும் ஒயரை யாரோ பிடுங்கி, நுனியில் டேப் சுற்றியிருக்கிறார்கள். "நான்தான் எடுத்தேன்," என்கிறார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மேல்வயல்காரர் சிங்காரவேலு, செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல். "எனக்குப் பெட்டிக்குள்ள இருக்கிற பட்டன் போதும். என் வயல் பாயட்டும், அப்புறம் மாட்டலாம்." மதிவதனிக்குக் காது சுடுகிறது. டேப்பைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு ஒயரைச் செருகுகிறாள். "அக்கா, இப்ப வைங்க." பச்சை விளக்கு எரிய, மோட்டார் உறுமுகிறது. "யாரக் கேட்டு மாட்டுன?" என்று எழுகிறார் அவர். "யாரக் கேட்டுப் புடுங்குனீங்க?" தண்ணீர் வாய்க்காலில் இறங்கி நாற்றங்காலை நோக்கி ஓடுகிறது. அம்சம் அதன் பின்னால் போகவில்லை. மண்வெட்டியோடு பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் வந்து நிற்கிறாள்.