முப்பது பங்கின் ஆட்சேபம்

வில்மிங்டன் நீதிமன்ற வராந்தாவில், ஆட்சேபம் போட்ட தரப்பின் வக்கீலான நோரீனை டெரன்ஸ் ஆத்திரத்தோடு வழிமறித்தான்.

“பங்குதாரர்களுக்காக ரெண்டு வருஷம் வழக்கு நடத்தி, கம்பெனியோட சமரசம் பேசி முடிச்ச வக்கீல் நான். கடைசி நேரத்துல ஒரு ஆட்சேபத்தைப் போட்டுட்டு, என் ஃபீஸ்ல பாதிய நீ வாங்கிட்டுப் போறே. கூச்சமா இல்ல?”

“ஜட்ஜ்தானே குடுத்தாரு? உங்க சமரசத்துல பங்குதாரர்களுக்குச் சல்லிக்காசு இல்ல. எங்க ஆட்சேபத்தாலதான் கம்பெனி நாப்பது லட்சம் டாலர் தருது.”

“முப்பது பங்கு வச்சிருக்கறவங்களைத் தூண்டிவிட்டுச் சம்பாதிக்கறே.”

“நான் தேடிப் போகல. பங்குதாரர் எல்லாருக்கும் நீங்க அனுப்பின சமரச நோட்டீஸோட அவங்களே வந்தாங்க.”

ஆட்சேபம் போட்ட வெர்னா, கோட்டை மாட்டியபடி வெளியே வந்தார். டெரன்ஸ் அவர் பக்கம் திரும்பினான்.

“ஏம்மா இப்படிப் பண்ணினே?”

வழக்குப் போட எப்போதும் ஒரு பங்குதாரர் கைவசம் இருக்கட்டும் என்று, கண்ணில் பட்ட கம்பெனியில் எல்லாம் அம்மா பெயரில் பங்கு வாங்கிப் போட்டவன் அவன்தான்.

“நானும் பங்குதாரர்தானேடா,” என்றார் வெர்னா. “என் புள்ள எனக்கு என்ன வாங்கிக் குடுத்திருக்கான்னு நோட்டீஸ்ல தேடினேன். உன் ஃபீஸ் மட்டுந்தான் இருந்துச்சு.”