வாசல் குழாயின் கைப்பிடி

"அக்கா, இது டாக்டர் போடுற கோட்டா, டீக்கடை மாஸ்டர் போடுற கோட்டா?"

கிளினிக் நர்ஸ் விரித்துக் காட்டிய வெள்ளைக் கோட்டை லாண்டரி அக்கா வாங்கிப் பார்த்தாள். முதுகு முழுக்கப் பழுப்புத் திட்டு.

"நாளைக்கும் இப்படித்தான் வந்துச்சுன்னா வேற இடம் பார்க்கச் சொல்லிட்டார் டாக்டர். தப்பா நினைச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? கிளினிக் துணி போனால் லாண்டரியே போன மாதிரிதான். அந்த ஒற்றை வாஷிங் மெஷினை வைத்துத்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

மூன்று நாளாக இந்தக் கூத்து. விடியற்காலையில் மெஷினைப் போட்டால் பழுப்புத் தண்ணீர். பத்து மணிக்குத் திறந்தால் பளிங்கு மாதிரி வருகிறது! சோப்பை மாற்றிப் பார்த்தாள். மொட்டை மாடித் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ப்ளீச்சிங் பவுடரை அள்ளிப் போட்டாள், கறை இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டது. அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"மூணு வருஷமா ஒரு பொட்டுக் கறை உண்டா? எல்லாம் உன் கைராசின்னு ஊரே சொல்லுமே!" என்று புலம்பியவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

மூணு நாள்! அந்த ஊதாரியோடு சண்டை போட்டும் மூணு நாள்தானே ஆகிறது?

ஊதாரி என்றால் பக்கத்து அறை பஸ் டிரைவர். பட்டப்பெயர் அவள் வைத்ததுதான். தினமும் முதல் பஸ்ஸை எடுக்கக் கிளம்புமுன் வாசல் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருப்பார். பத்து நிமிஷம் தண்ணீர் சாக்கடைக்குப் போகும்.

எத்தனை நாள்தான் பொறுப்பாள்? "தண்ணி என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று ஒரு பிடி பிடித்து, வீட்டு ஓனரிடமும் சொல்லி, குழாயின் கைப்பிடியையே கழற்றி வாங்கி வைத்துக்கொண்டாள். "அது வந்தும்மா..." என்று அவர் இழுத்ததை அவள் காதிலேயே வாங்கவில்லை.

சாயங்காலம் அவர் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, மனசைத் தொட்டுச் சொல்லுங்க. என் குழாயில என்னத்தைக் கலந்தீங்க?"

"நானா?" டிரைவர் முழித்தார். அவள் கையிலிருந்த கோட்டைத் தடவிப் பார்த்தார். "ப்ளீச்சிங் போட்டியாம்மா? அது இந்தக் கறையை இன்னும் கெட்டியாக்கிடும். எலுமிச்சம்பழத்துல உப்பு தொட்டுத் தேய்ச்சு வெயில்ல போடு, போயிடும். அப்புறம் அந்தக் கைப்பிடியை மட்டும் குடுத்தீன்னா..."

"ஓஹோ! அதுக்குத்தானா இத்தனையும்?"

கதவைப் படாரென்று சாத்தினாள். மறுநாள் வேறு வழியில்லாமல் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து வெயிலில் போட்டால், கறை போயே போய்விட்டது! கெடுதல் செய்தவனே மருந்தும் சொல்வானா? அவளுக்கு இன்னும் குழம்பியது.

அதற்கு அடுத்த நாள் விடிந்ததும், அந்த வீட்டுக்கு வழக்கமாக வரும் பிளம்பரை வரவழைத்தாள். அவர் மெஷினுக்குப் போகும் பைப்பைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"மாடித் தொட்டியையா கழுவினீங்க? உங்களுக்கு வர்றது தெருவுலேர்ந்து நேரா வர்ற தண்ணி. பைப் அரதப் பழசான இரும்பு. ராத்திரி பூரா உள்ளேயே நிக்கிற தண்ணியில துரு இறங்குது."

அதே பைப்பில் இருந்த வாசல் குழாயை ஸ்பேனரால் திறந்தார். பழுப்பாகக் கொட்டிய தண்ணீர் பத்து நிமிஷத்தில் கண்ணாடியாகத் தெளிந்தது.

"இப்ப மெஷினைப் போடுங்க, ஒண்ணும் ஆகாது. பைப்பை மாத்துற வரைக்கும் தினமும் இதுதான் வைத்தியம். இத்தனை நாள் யாரோ திறந்துவிட்டிருக்காங்க, இல்லேன்னா எப்பவோ உங்க கடையை இழுத்து மூடியிருப்பீங்க."

அவளுக்கு லாண்டரி தொடங்கிய முதல் வாரம் ஞாபகம் வந்தது. ரெண்டு கோட்டு கறையாகிப் போய், வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். "என்னம்மா ஆச்சு?" என்று அந்த வழியாகப் போன டிரைவர்தான் கேட்டார். மறுநாளிலிருந்து கறை நின்றது. கைராசி என்று நினைத்துக்கொண்டாள்.

ஏப்ரன் பாக்கெட்டில் இருந்த கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். அவமானமாக இருந்தது.

"பக்கத்து ரூம் டிரைவருக்கும் நல்ல தண்ணி வேணுமில்லையா... அதுக்காகத் திறந்துவிட்டிருப்பாரு" என்றாள், குரல் இறங்கி.

"யாரு, டிரைவரா? அவர் ரூமுக்கு மாடித் தொட்டித் தண்ணிம்மா. இந்த லைன்ல இருக்கறது உங்க மெஷின் ஒண்ணுதான்."