மோசமாக்கும் வழிகள்

தீர்வு தோன்றாவிட்டால், பிரச்சினையை இன்னும் மோசமாக்கும் வழிகளை எழுதிப் பாருங்கள் என்று அலுவலகப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பதினாறு நாட்களாகத் தன்னிடம் பேசாத மகள் ஆதிரையை நினைத்து வசுமதி எழுத உட்கார்ந்தாள். பள்ளியிலிருந்து வந்ததும் மதிப்பெண் கேட்கலாம். அத்தை மகளோடு ஒப்பிடலாம். அவள் டைரியைப் படிக்கலாம், படித்ததை மாமாவிடம் சொல்லிச் சிரிக்கலாம். ஏழாவதை எழுதும்போதுதான் உறைத்தது, இவற்றில் ஒன்றைக்கூடத் தான் புதிதாக யோசித்து எழுதவில்லை. எல்லாம் செய்து முடித்தவை.

பின்னாலிருந்து ஒரு கை பேனாவைப் பிடுங்கியது.

"முக்கியமானதை விட்டுட்டியேம்மா," என்ற ஆதிரை, எட்டாவதாக எழுதினாள்: 'மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக நெய்தோசை சுட்டுக் கொடுக்கலாம்.'

வசுமதி எழுந்துபோய், காய்ந்துகொண்டிருந்த தோசைக்கல்லுக்கடியில் எரிந்த அடுப்பை அணைத்துவிட்டு, மகளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.