முப்பதாவது புள்ளி

"ரெண்டாவதா வந்தாலே ரயில்வே வேலை கெடச்சிடும். ஜெயிச்சு மட்டும் தொலைச்சிடாதடி" என்று காலையில் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். இப்போது இறுதியாட்டத்தின் கடைசி செட்டில் அபிதா இருபதுக்குப் பத்தொன்பது என்று முன்னிலையில் நின்றாள். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஜெயித்துவிடுவாள்.

ஆண்டுதோறும் நடக்கும் இந்தச் சர்வதேச பேட்மின்டன் போட்டியில் வெல்பவரின் கைத்திறனை அன்று மாலையே உருவியெடுத்துப் பயிற்சி இயந்திரங்களுக்கு ஏற்றிவிடுவார்கள். முன்வரிசையில் முன்னாள் சாம்பியன்கள் கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். போன வருடம் வென்ற அக்கா சுகிர்தாவுக்கு, அம்மா ஸ்பூனால் காபி புகட்டிக்கொண்டிருந்தாள்.

அபிதா வேண்டுமென்றே சர்வீஸை வலையில் அடித்தாள். இருபது சமம். இதற்குமேல் இரண்டு புள்ளி வித்தியாசம் வந்தால்தான் ஆட்டம் முடியும். அடுத்து சர்வீஸ் போட்ட மலேசியாவின் லோகேஸ்வரியும் வலையிலேயே அடித்தாள். அவளையும் வீட்டில் யாரோ எச்சரித்துத்தான் அனுப்பியிருக்க வேண்டும். இப்படியே மாறி மாறிப் புள்ளியை விட்டுக்கொடுத்து, இருவரும் இருபத்தொன்பது சமத்துக்கு வந்துவிட்டார்கள். இனி முப்பதைத் தொடுபவர்தான் சாம்பியன்.

இறகுப்பந்து லோகேஸ்வரியின் கையில் இருப்பது அப்போதுதான் அபிதாவுக்கு உறைத்தது.

"லோகா, உன் கால்ல விழறேன். வலைக்கு மேல போடு."

லோகேஸ்வரி நிமிரவே இல்லை. "எனக்குக் கைக்குழந்தை இருக்கு, அபிதா" என்றாள். பந்து வலையில் மோதி அவள் பக்கமே விழுந்தது.

அரங்கமே எழுந்து கைதட்டியது. அக்காவும் தட்டப் பார்த்தாள். அவளுடைய இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொடவே இல்லை.