பிஸ்தாவின் முகம்

நாயின் முகத்தைத் திருப்பிப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கண்ணுக்குக் கீழே ஆறேழு பரு. மூக்கின் ஓரத்தில் நான்கு. தாடையில் எண்ண முடியவில்லை. சிவந்து, முனையில் நீர் கோத்திருந்தது.

நேற்று சாயங்காலம் சோறு வைத்தபோது இல்லை. சத்தியமாக இல்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ருக்குமணி எட்டிப் பார்த்தாள்.

"வேப்பலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசுங்கக்கா. மூணு நாள்ல தானா எறங்கிரும்."

ருக்குமணி இந்த வீதிக்குப் புதிது. நல்ல மனசு. அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

வாசலில் நின்ற வேப்பமரத்தை வெட்டி இரண்டு வருடமாகிறது. வெட்டச் சொன்னது அவள்தான். ஆனாலும் அரைத்த வேப்பிலையின் வாசம் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை. தலையணையில் அடிக்கும். குடிக்கிற தண்ணீரில் அடிக்கும்.

இப்போது நாயின் முகத்தில் அடித்தது.

உள்ளே தோசை கருகிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தாள். செருப்பு மறந்துபோயிற்று. நாயைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பிஸ்தா என்று அதற்குப் பேர் வைத்தது மகள் கௌசிகா. அப்போது பிள்ளைக்கு ஏழு வயது. எட்டு வரவேயில்லை.

கௌசிகாவுக்கும் இப்படித்தான், முதலில் கண்ணுக்குக் கீழே.

பார்த்ததும் அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாரியாத்தா வந்திருக்கிறாள். வீட்டில் தாளிக்கவில்லை. வெளியாள் யாரையும் உள்ளே விடவில்லை. வேப்பிலையைப் பரப்பி அதன்மேல் பிள்ளையைப் படுக்கவைத்தாள். காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தபோது கணவன் பைக்கை எடுத்தான். ஊசி போட்டால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று வாசலை மறித்து நின்றவள் அவள்தான்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் ஆத்தா இறங்கிவிடுவாள் என்று நாள் பார்த்துப் பத்து நாள் காத்திருந்தாள். அதற்குள் பிள்ளை கண் திறப்பதை நிறுத்திவிட்டது.

அதற்காகக் கணவன் இன்றுவரை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

கால்நடை மருத்துவமனையில் நாலு ஆடும் ஒரு கன்றுக்குட்டியும் முன்னால் நின்றன. வரிசையாவது ஒன்றாவது. இடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

"நாய்க்கு நாலு பரு வந்ததுக்கா இந்த ஓட்டம்?" என்றார் ஓர் ஆட்டுக்காரர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

நியாயமான கேள்விதான்.

டாக்டருக்குச் சின்ன வயது. விளக்கைக் கிட்டே இழுத்து ஒவ்வொரு பருவாகப் பார்த்தார். சீழைத் துடைத்து ஊசி போட்டார். பிஸ்தா ஒருமுறை முனகியது. அவ்வளவுதான். ஊசி என்பது அவ்வளவுதான்.

"எப்பம்மா பாத்தீங்க?"

"காலையிலதானுங்க."

"நல்ல வேளை. நாலு நாள் விட்டிருந்தா கண்ணுக்கு ஏறியிருக்கும். எல்லாரும் உங்களை மாதிரி உடனே தூக்கிட்டு வந்தா எங்களுக்குக் கவலையே இல்லை."

மருந்துச் சீட்டை நீட்டினார். அவள் வாங்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. இன்னும் ஏதோ சந்தேகம் போல என்று டாக்டர் காத்திருந்தார்.

"ஏனுங்க டாக்டர், பத்து நாள் விட்டிருந்தா?"

டாக்டர் சிரித்துவிட்டார்.

"பத்து நாளா? அப்படி யாரும்மா விடுவாங்க?"